உணவங்காடி நிலையத்தில் கடை எடுக்கப்போகும் இளையருக்கு: ஏலக்குத்தகைக்கு முன்னும் பின்னும்

சிங்கப்பூர் உணவங்காடி நிலையம் ஒன்றில் சொந்தக் கடை எடுக்க நினைக்கும் இளையருக்காக இதை எழுதுகிறேன். ஹோட்டல் சமையலறையில் வேலை பார்ப்பவர், சமையற்கலை படித்து முடித்தவர், அம்மாவின் மீன் குழம்பை வைத்தே பிழைத்துவிடலாம் என்று நம்புகிறவர், யாராக இருந்தாலும் சரி. என் தம்பி தோசைக் கடை எடுத்தபோது சமையல் அவன் பொறுப்பு, தாள் வேலை என் பொறுப்பு. எது முதலில், எது அடுத்து என்று சொல்ல ஆளில்லாமல் ரொம்பவே அலைந்தோம். ஒவ்வோர் இடத்திலும் பாதித் தகவல்தான் கிடைத்தது. மீதியைப் பக்கத்துக் கடை அங்கிள்கள்தான் சொல்லித் தந்தார்கள்.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் கடைக்காரர்களின் நடு வயது 60ஐ ஒட்டி நிற்கிறது. அதனால் அரசாங்கமே இளையரைத் தேடிக்கொண்டிருக்கிறது; பயிற்சி, வாடகைக் கழிவு என்று திட்டங்களும் இருக்கின்றன. வரிசை மாறிப் போனால் அவற்றில் பாதி உங்களுக்குக் கிடைக்காது. கடை எடுத்த பிறகு பயிற்சிக் கடைத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

1. உங்களால் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்

தேசியச் சுற்றுப்புற வாரியம் வாடகைக்கு விடும் கடையை எடுக்க, நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடையில் நீங்களே நின்று வியாபாரம் பார்க்க வேண்டும்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. "பெயர் என்னுடையது, கடை உன்னுடையது, மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் ஊர்க்காரராக இருப்பார், மரியாதையாகப் பேசுவார், கையில் டீ கூட வாங்கித் தருவார். அது உள்வாடகை, சட்டத்துக்குப் புறம்பானது. பிடிபட்டால் கடை போகும், நீங்கள் போட்ட அடுப்பு, குளிர்பெட்டிக் காசும் போகும். வழக்கு போடவும் உங்களிடம் ஒரு தாள் இருக்காது.

2. கடைக்கு முன்னால் கை பழகட்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

படித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சமையல் தெரியும், கடை தெரியாது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேற்குக் கல்லூரியிலும் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் நல்ல சமையற்கலைப் படிப்புகள் உண்டு. அங்கே கத்தி பிடிக்க, சாஸ் கட்ட, செலவைக் கணக்கிடக் கற்றுத் தருகிறார்கள். ஆனால் விடிகாலை நான்கு மணிக்கு மாவு பொங்கி வழிந்திருக்கும்போது, ஆறு மணிக்கு முதல் வாடிக்கையாளர் வந்து நிற்கும்போது, உதவியாள் வரவில்லை என்று குறுஞ்செய்தி வரும்போது என்ன செய்வது என்பதைக் கடையில் நின்றால்தான் கற்க முடியும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, உணவங்காடித் தொழில் மேம்பாட்டுத் திட்டம். தேசியச் சுற்றுப்புற வாரியமும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் அமைப்பும் சேர்ந்து 2020ல் தொடங்கியது. முதலில் சில நாள் வகுப்பு. அப்புறம் மூத்த கடைக்காரர் ஒருவரிடம் சுமார் இரண்டு மாதம் தொழில் பழகுவது. அதன் பிறகு, தகுதி பெற்றால், பயிற்சிக் கடை. பயிற்சிக் கடையில் அடுப்பு, புகைபோக்கி, குளிர்பெட்டி போன்ற அடிப்படைச் சாமான்கள் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும். தொடக்க மாதங்களில் சந்தை வாடகையில் பாதிதான் கேட்பார்கள், பிறகு படிப்படியாக ஏற்றுவார்கள். கையில் சேமிப்பு குறைவாக உள்ள இளையருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாவது, பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ அண்மையில் படித்து முடித்தவர்களுக்கானது. தெமாசெக் கல்லூரியும் வாரியமும் 2021ல் தொடங்கிய வேலை-படிப்புச் சான்றிதழ்த் திட்டம். ஓராண்டு நடக்கும். வகுப்பும் உண்டு, மூத்தவரிடம் பழகுவதும் உண்டு.

மூன்றாவது, வாரிசு இல்லாத மூத்த கடைக்காரரிடமிருந்து செய்முறையையும் கடையையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது. 2022ல் இதற்கென ஒரு திட்டம் வந்தது. குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள, மரபு உணவு விற்கும் மூத்தவர் ஒருவரை, சொந்தக்காரர் அல்லாத இளையரோடு வாரியம் இணைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, நல்ல திட்டமும்தான். ஆனால் பெரியவரின் மனம் இளக வேண்டும். தம்பி பழகிய கடையில் ஒரு அங்கிள், சாம்பாருக்கு வறுத்து அரைக்கும் அளவை வாரக் கணக்கில் சொல்லவே இல்லை. "பாத்துக்க" என்று மட்டும் சொல்வார். பார்த்துத்தான் கற்றான். கிராம் கணக்கில் எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீங்களே சிறு தராசு ஒன்று கொண்டுபோய், அவர் கை அள்ளியதை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் முறைப்பார், அப்புறம் அவரே "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்.

எந்தத் திட்டத்திலும் சேராமல், தெரிந்தவர் கடையில் சும்மா போய் நின்று பழகுவதும் உண்டு. அப்படியானால் உதவியாளாக முறைப்படி பதிவு செய்யச் சொல்லுங்கள், உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முதலிலேயே முடித்துவிடுங்கள். சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் பெரியவர் உங்களால் மாட்டக் கூடாது.

3. என்ன சமைப்பது என்பதை இடம் தீர்மானிக்கட்டும்

லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையத்தில் தோசை விற்பதும் அக்கம்பக்கத்துப் பேட்டை ஒன்றின் நிலையத்தில் ஒரே இந்தியக் கடையாக உட்காருவதும் வேறு வேறு தொழில். தேக்காவில் வாடிக்கையாளருக்கு ருசி தெரியும், பத்தடி தள்ளி உங்களைவிடப் பழைய கை இருக்கிறது. பேட்டையில் சீனப் பாட்டியும் மலாய்க்காரப் பள்ளிப் பிள்ளையும்தான் உங்கள் கடையைத் தாங்கப் போகிறார்கள். பாட்டி பரோட்டாவுக்கு மீன் கறி கேட்பார், பிள்ளை சீனி கேட்கும், பக்கத்து அலுவலகத்துக்காரர் தோசையில் முட்டை ஊற்றச் சொல்வார். முகம் சுளிக்காதீர்கள். மீ கோரிங்கும் இந்திய ரோஜாக்கும் மீன்தலைக் கறியும் இப்படித்தான் இந்த மண்ணின் உணவாக ஆயின. ஊரில் எந்தக் கடையிலும் இவை இதே உருவில் கிடையாது.

என் கருத்து: ட்ரஃபிள் எண்ணெய் தெளித்த தோசை, சீஸ் குவித்த முர்தபா எல்லாம் முதல் மாதத்தில் படம் எடுக்க ஆள் கூட்டிவரும், நான்காம் மாதத்தில் தினசரி சாப்பிடுகிறவர் வரமாட்டார். உணவங்காடியில் வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்தான் வாடகை கட்டுகிறார். உங்கள் புதுமையை ஒரு பதார்த்தத்தோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைச் சுத்தமாகச் செய்யுங்கள்.

பட்டியலில் ஆறு, ஏழு பதார்த்தங்களுக்கு மேல் வேண்டாம். கடை சின்னது. ஆட்டுக்கறியும் மீனும் காய்கறியும் வைக்கத் தனித்தனி இடம் வேண்டும், இருப்பது ஒரு குளிர்பெட்டி.

ஹலால் விஷயத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால் இறைச்சி, மசாலா, எண்ணெய் எல்லாவற்றின் கொள்முதல் ரசீதும் ஆதாரமும் வேண்டும். கடை தொடங்கிய பிறகு விநியோகிப்பாளரை மாற்றுவதைவிட, தொடங்கும்போதே சான்றுள்ளவரிடம் வாங்குவது எளிது.

4. எந்த வகைக் கடை என்று பிரித்துப் பாருங்கள்

தீவு முழுக்க 120க்கும் மேற்பட்ட சந்தைகளும் உணவங்காடி நிலையங்களும் இருக்கின்றன. எல்லாமே ஒரே விதமாக நடப்பவை அல்ல.

வாரியம் நேரடியாக ஏலக்குத்தகையில் விடும் கடைகள் ஒரு வகை. வாடகை என்ன என்பதை உங்கள் ஏலத்தொகைதான் தீர்மானிக்கும். சமூக நிறுவனங்கள் நிர்வகிக்கும் புது நிலையங்கள் இன்னொரு வகை. அங்கே ஏலம் இல்லை. நிர்வாகியிடம் விண்ணப்பித்து, சமைத்துக் காட்டி, பேசி எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவுதல், மேசை துடைத்தல், ரொக்கமில்லாக் கட்டண வசதி என்று வாடகைக்கு மேல் சேரும் தொகைகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "வாடகை எவ்வளவு?" என்று கேட்டால் வாடகையை மட்டும்தான் சொல்வார்கள். "மாதக் கடைசியில் மொத்தம் என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். மலிவு விலை உணவு ஒன்றைக் கட்டாயம் விற்க வேண்டுமா, கடை திறந்திருக்க வேண்டிய நேரம் என்ன, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கோப்பிக்கடை, உணவுக்கூடம் எல்லாம் தனியார் கணக்கு. அதற்கு இங்கே நான் போகவில்லை.

5. தாள்கள்

இது நினைத்ததைவிடச் சுலபம், முன்கூட்டியே செய்தால்.

சிங்பாஸ், அதாவது அரசாங்க இணையச் சேவைகளுக்கான உங்கள் அடையாளக் கணக்கு, வேலை செய்ய வேண்டும். ஏறக்குறைய எல்லா விண்ணப்பமும் அதன் வழியாகத்தான். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முதல் நிலைச் சான்றிதழ் உணவைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும், உங்கள் அம்மா வந்து சட்னி அரைத்தாலும்கூட. ஒரே நாளில் முடியும் பயிற்சி இது. தமிழில் நடத்தும் நிலையங்களும் உண்டு, ஆனால் தமிழ் வகுப்பு தினமும் இருக்காது, ஆள் சேர்ந்த பிறகுதான் தேதி தருவார்கள். அம்மா, அத்தை யாராவது கைகொடுக்கப் போகிறார்கள் என்றால் முதலிலேயே பதிந்துவிடுங்கள். முதல் முறை எடுத்த சான்றிதழை ஐந்தாம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். கட்டணத்துக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கழிவு பொருந்துமா என்று நிலையத்திலேயே கேட்கலாம்.

கடை உரிமம் சிங்கப்பூர் உணவு அமைப்பிடமிருந்து. இது வாடகை ஒப்பந்தத்துக்கு அப்புறம் வரும் வேலை.

உணவங்காடி உரிமம் பெற்று உங்கள் சொந்தப் பெயரில் நடத்தினால் தனியாக வர்த்தகப் பதிவு தேவையில்லை. "எல்லாப் பதிவும் நாங்களே செய்து தருகிறோம்" என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி கேட்ட ஒரு தரகர் எங்களிடமும் வந்தார். அவர் பட்டியலில் பாதி, தேவையே இல்லாதது. மீதி, சிங்பாஸ் வைத்திருக்கும் யாரும் உட்கார்ந்து செய்யக்கூடியது.

6. ஏலத்தொகையைத் தோசைக்கல்லிலிருந்து கணக்குப் போடுங்கள்

ஆகக் குறைந்த ஏலத்தொகை என்று ஒன்று 2012லிருந்து இல்லை. அதனால் அடிமாட்டு விலைக்குக் கடை பெற்றவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், 2024ல் மரின் பரேட் நிலையத்தில் ஒரு கடைக்கு மாதம் 10,158 வெள்ளி கேட்டு ஏலம் போட்டார் ஒருவர். இரண்டு செய்தியையும் மறந்துவிடுங்கள். மானியமில்லாத சமைத்த உணவுக் கடைகளின் நடு வாடகை மாதம் 1,250 வெள்ளி அளவு என்பதுதான் அரசாங்கம் சொல்லியிருக்கும் கணக்கு. ஆரம்பப் புள்ளியாக அதை வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்துக் கடை ஆன்டி எப்படி இரண்டரை வெள்ளிக்கு விற்கிறார் என்று மலைக்காதீர்கள். தெருவோரத்தில் விற்று, பிற்பாடு நிலையங்களுக்குள் கொண்டுவரப்பட்ட முதல் தலைமுறைக் கடைக்காரர்களுக்கு மானிய வாடகை; மாதம் 192 வெள்ளி, 320 வெள்ளி என்று கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் விலையைப் பார்த்து உங்கள் விலையை வைத்தால் ஆறு மாதம் தாங்காது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்களை உங்கள் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 1,250. துப்புரவு, பாத்திரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 500. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 600. ஓர் உதவியாளுக்கு 2,200, அவருக்கு முதலாளி கட்ட வேண்டிய மத்திய சேமநிதி 17 விழுக்காடு, அதாவது 374. மொத்தம் 4,924 வெள்ளி. இதில் உங்கள் சம்பளம் இல்லை. இளையர் பலர் அதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். 3,000 என்று வைத்தால் 7,924. விற்கும் ஒவ்வொரு வெள்ளியிலும் 35 காசு சாமானுக்குப் போகிறது என்றால், மாதம் சுமார் 12,200 வெள்ளிக்கு விற்க வேண்டும். மாதம் 26 நாள் திறந்தால் நாளுக்கு 470. ஆளுக்கு ஐந்து வெள்ளி என்றால் 94 பேர்.

இப்போது ஏலத்தொகையை மட்டும் 4,000 ஆக்கிப் பாருங்கள். நாளுக்கு 126 பேர் வேண்டும்.

32 பேர்தானே என்று தோன்றும். வருகிறவர்கள் நாள் முழுக்கச் சமமாகப் பிரிந்து வருவதில்லை. பகல் 11.30 முதல் 1.30 வரை பாதிப் பேர் வந்து நிற்பார்கள். ஒரு கல், ஒரு கை, தட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் 60 தட்டு போடலாம், மூச்சு விடாமல். 126 பேரில் பாதி 63. அதாவது வரிசையில் ஆள் நிற்கிறார்கள், உங்களால் விற்க முடியவில்லை. இன்னொரு கல் போட இடம் இருக்கிறதா? இன்னோர் ஆளுக்குச் சம்பளம்? உங்கள் அடுப்பு உச்ச நேரத்தில் தள்ளக்கூடிய தட்டுகளின் எண்ணிக்கைதான் உங்கள் ஏலத்தொகைக்கு மேல்வரம்பு. மற்றவர் எவ்வளவு போடுவார் என்ற ஊகம் இந்தக் கணக்குக்குள் வரவே கூடாது.

இந்தக் கணக்குக்குத் தேவையான இன்னொன்று, அந்த நிலையத்தில் உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது. போய் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒரு செவ்வாய், ஒரு சனி, மழை பெய்யும் ஒரு நாள், பள்ளி விடுமுறையில் ஒரு நாள். காலியாக உள்ள கடை எந்த மூலையில் இருக்கிறது, கழிவறைக்குப் பக்கமா, தட்டு திருப்பிவைக்கும் இடத்துக்குப் பக்கமா, விசிறி இருக்கிறதா, மதிய வெயில் விழுகிறதா என்றெல்லாம் பாருங்கள். அதே கடையை ஏன் முந்தையவர் விட்டுப்போனார் என்று எதிர்க்கடை பானக்காரரிடம் ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு கேளுங்கள். அவருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

7. ஏலக்குத்தகை போடும்போது

காலிக் கடைகளின் பட்டியலை வாரியம் மாதந்தோறும் வெளியிடும். கடை எண், பரப்பு, எந்த வகை உணவு விற்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வகையைக் கவனமாகப் படியுங்கள். பானக் கடைக்கு ஏலம் போட்டுத் தோசை விற்க முடியாது.

முன்பு அந்த நிலையத்தில் வென்ற ஏலத்தொகைகளையும் வாரியம் வெளியிடுகிறது. ஒரே நிலையத்தில் ஒரு கடை 900க்கும் இன்னொன்று 2,500க்கும் போயிருந்தால் நேரில் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்.

ஏலத்தோடு முன்பணம் கட்ட வேண்டும். வென்ற பிறகு "வேண்டாம்" என்றால் அது திரும்பாது. அதனால் ஒரே மாதத்தில் நாலைந்து கடைக்கு "எது விழுகிறதோ விழட்டும்" என்று போடாதீர்கள். தோற்றால் வருத்தப்பட வேண்டாம், அடுத்த மாதமும் பட்டியல் வரும். வேலையை விட்டுவிட்டு ஏலத்துக்குக் காத்திருப்பது மட்டும் கூடவே கூடாது. ஏலம், ஒப்பந்தம், உரிமம், பொருத்து வேலை என்று கடை உண்மையில் திறப்பதற்குள் மாதங்கள் ஓடும். பகுதிநேரமாகவாவது சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும்.

8. வென்ற பிறகு செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

வாடகை ஒப்பந்தம் பொதுவாக மூன்று ஆண்டு. சாவி வாங்கிய நாளிலிருந்து வாடகைக் கணக்கு எப்போது தொடங்குகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே பொருத்து வேலைக்காரரைப் பிடித்து வையுங்கள். சாவி கையில் வந்த பிறகு ஆள் தேடினால், விற்காமலே வாடகை கட்டுவீர்கள்.

மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். தெரிந்த அண்ணன் வந்து கம்பி இழுத்துத் தந்தால் சோதனையில் நிற்காது. புகைபோக்கி, எண்ணெய்க் கழிவு தடுப்பு, சுவர் ஓடு எதை மாற்றினாலும் முதலில் நிலைய நிர்வாகத்திடம் கேளுங்கள்.

பழைய சாமான் வாங்குவது நல்லதுதான். அடுப்பு, மேசை, தோசைக்கல் எல்லாம் பழையதாகவே வாங்கலாம். நன்றாக எண்ணெய் குடித்த பழைய கல் புதியதைவிட மேல். குளிர்பெட்டியையும் மாவரைக்கும் இயந்திரத்தையும் மட்டும் உத்தரவாதத்தோடு வாங்குங்கள். எங்களுக்கு வந்த பழைய குளிர்பெட்டி ஒரு வெள்ளி இரவு நின்றுபோனது. விற்றவர் "வாங்கும்போது ஓடியதே" என்றார். உள்ளே இருந்த ஆட்டிறைச்சியெல்லாம் குப்பைக்குப் போனது.

தொடங்கும்போது மூன்று மாதச் செலவை, வருமானமே இல்லை என்று வைத்துக்கொண்டு, தனியாக ஒதுக்குங்கள். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில், உங்கள் சம்பளத்தைச் சேர்க்காமலே அது கிட்டத்தட்ட 15,000 வெள்ளி. அவ்வளவு இல்லையென்றால் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பயிற்சிக் கடைக்கு விண்ணப்பியுங்கள். அதற்குத் தொழில் திட்டம் எழுதித் தர வேண்டும், உணவைச் சமைத்துக் காட்ட வேண்டும். ஆறாம் பகுதியின் கணக்கையே அந்தத் திட்டத்தில் எழுதலாம்.

9. ஆள்

"ஊரிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தோடு திட்டம் போடாதீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் சமையற்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் வரவழைக்கலாம் என்பது உண்மை. அது உணவகங்களுக்கு. உணவங்காடிக் கடையில் வேலை அனுமதிச் சீட்டுக்காரர் நிற்க முடியாது.

நமக்குப் பயன்படுவது வேறொன்று. 2025 ஜனவரி 1 முதல், நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களை உதவியாளாக வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்திருக்கும் மனைவியரும் கணவன்மாரும் பலர் இந்த அனுமதியில்தான் இருக்கிறார்கள். நல்ல கைப்பக்குவத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களைக் கோயிலிலும் பிள்ளைகளின் பள்ளி வாசலிலும் விசாரித்தாலே தெரியும். மனிதவள அமைச்சின் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், "நாளைக்கே வந்துடறேன் தம்பி" என்று அவர் சொன்னாலும்.

10. திறந்த பிறகு மறக்கக் கூடாதவை

விலையை முதல் நாளே சரியாக வையுங்கள். மலிவாகத் தொடங்கி மூன்றாம் மாதம் ஏற்றினால், அதே வாடிக்கையாளர் உங்கள் முன்னாலேயே பக்கத்துக் கடைக்குப் போவார்.

நிலையம் துப்புரவுக்காக மூடும் நாள்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே தெரியும். அந்த நாள்களை உங்கள் ஓய்வு நாள்களாக்கிக்கொண்டால் வருமான இழப்பு குறையும். மேம்பாட்டுப் பணிக்காக மாதக் கணக்கில் மூடுவதும் உண்டு. தேக்கா நிலையமே 2023ல் மூன்று மாதம் மூடியிருந்தது. ஏலம் போடும்முன் அந்த நிலையத்துக்கு அப்படி ஏதாவது வரவிருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள்.

தினசரி விற்பனையைக் குறித்து வையுங்கள். பேநவ், அட்டை வழி வருவது தானாகப் பதிவாகும், ரொக்கம் பதிவாகாது. நீங்கள் சுயதொழிலர் என்பதால் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில் வந்து நிற்கும். மாதாமாதம் சிறு தொகையாகக் கட்டும் ஏற்பாடு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள்.

முதல் மூன்றாண்டு முடிந்ததும் வாடகை நீங்கள் போட்ட ஏலத்தொகையில் நிற்காது. மதிப்பீட்டாளர்கள் கணிக்கும் சந்தை வாடகையை நோக்கி நகரும். அதிகமாகப் போட்டு வென்றவருக்கு அது குறையலாம், 300 வெள்ளிக்கு அதிர்ஷ்டமாகப் பெற்றவருக்கு ஏறும். குறைவான வாடகையில் உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே, சந்தை வாடகையை வைத்து ஆறாம் பகுதியின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தட்டுக்கு ஐம்பது காசு ஏற்ற வேண்டியிருந்தால், கடைசி மாதம் வரை காத்திருக்காமல் அப்போதே ஏற்றிவிடலாம்.